போனின் மேலே தெரியும் சாவிப் படம் யாரிடமிருந்து காக்கும்?

கேள்வி: நான் கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறேன். தனியார் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர் நிலத்தடி நீர் பற்றியும் இரவில் வரும் நாற்றம் பற்றியும் ஆர்.டி.ஐ. மனு போடுகிறேன். முகநூலில் வேறு பெயரில் எழுதுகிறேன். 200 பேருக்கு மேல் உள்ள ஒரு வாட்ஸ்அப் குழுவையும் நடத்துகிறேன். ஆலைக்குள் வேலை செய்யும் ஒரு தம்பி அவ்வப்போது படம் எடுத்து அனுப்புவார். போன மாதம் ஒருவர், "உங்க போனை எல்லாம் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து மனசு சரியில்லை. அண்ணன் மகன் ஓர் இலவச விபிஎன் போட்டுக் கொடுத்திருக்கிறான். இனி அரசாங்கத்தால் என்னைக் கண்காணிக்க முடியாதா? விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்கிறார்களே, உண்மையா? காசு கொடுத்து நல்லதாக வாங்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர் மாவட்டம்

பதில்:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பது விபிஎன் பற்றி. அதாவது, ஓடும்போது போனின் மேலே சாவிப் படம் காட்டி, நம் இணையப் போக்கை வேறொரு நிறுவனத்தின் வழியாக மறைத்து அனுப்பும் செயலி. ஆனால் என் மனதில் தைத்து நின்றது, ஆலைக்குள்ளிருந்து படம் அனுப்பும் அந்தத் தம்பியைப் பற்றிய ஒரே ஒரு வரி. அவரைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். தயவுசெய்து அதுவரை படியுங்கள்.

முதலில் உங்கள் பயத்தைப் போக்கிவிடுகிறேன். இந்தியாவில் விபிஎன் வைத்திருப்பதோ பயன்படுத்துவதோ குற்றம் இல்லை. அதைத் தடைசெய்யும் பொதுச் சட்டம் எதுவும் கிடையாது. வங்கிகளும் மென்பொருள் நிறுவனங்களும் அதில்தான் ஓடுகின்றன. புதுச்சேரியில் நெட்வொர்க் வேலை பார்க்கும் நானே எத்தனையோ அலுவலகங்களுக்கு அதை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். ஜம்மு காஷ்மீரில் சில மாவட்டங்களில் ஆட்சியர்கள் தற்காலிகமாக விபிஎன்னுக்குத் தடை போட்டிருக்கிறார்கள். 2020 தொடக்கத்தில் அங்கே இணையம் பாதி முடக்கப்பட்டிருந்தபோது, விபிஎன் வழியாகச் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தியவர்கள் மீது வழக்கும் பதிவானது. அந்தச் செய்திதான் கை மாறி வாய் மாறி நம் பக்கம் வரும்போது "விபிஎன்னே குற்றம்" என்று ஆகியிருக்க வேண்டும். விபிஎன்னை வைத்து ஒருவர் மோசடி செய்தால் அந்த மோசடி குற்றம். கருவி குற்றம் ஆகாது.

அடுத்தது உங்கள் முக்கியமான கேள்வி. விபிஎன் போட்டதால் அரசாங்கத்தால் உங்களைக் கண்காணிக்க முடியாமல் போய்விடுமா? போகாது. ஒரு விஷயத்தை அது மறைக்கும், உண்மைதான். ஆனால் உங்கள் நிலையில் அது பெரிதாக உதவுகிற விஷயம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் வழியில் இருக்கும் ஆல்பேட்டைச் சோதனைச் சாவடி உங்களுக்குத் தெரியும். இணையத்தில் உங்களுக்கான சாவடி ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் என்று நீங்கள் மாதாமாதம் பணம் கட்டும் நிறுவனம். நீங்கள் அனுப்புவதும் பெறுவதும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். இன்று பெரும்பாலான இணையதளங்கள் எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குகின்றன. அதாவது உங்கள் பைக்கு ஏற்கெனவே பூட்டுப் போட்டிருக்கிறது. சாவடிக்காரரால் பையைத் திறக்க முடியாது. ஆனால் பை எந்தக் கடைக்குப் போகிறது என்ற விலாசம் மேலே தெரியும். நீங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்துக்குப் போனீர்கள் என்று உங்கள் இணைய நிறுவனத்துக்குத் தெரியும். அங்கே எந்தப் பக்கத்தைப் படித்தீர்கள் என்பது தெரியாது.

விபிஎன் என்பது அந்தப் பையை அப்படியே ஒரு மூடிய வேனில் ஏற்றி அனுப்புவது. வேன் எத்தனை மணிக்குப் போனது, எவ்வளவு கனம் என்று மட்டும்தான் சாவடிக்காரருக்குத் தெரியும். எங்கே இறக்கினார்கள் என்பது தெரியாது. இறக்கும் இடத்தில் இருப்பவருக்கும் வேனின் எண்தான் தெரியுமே தவிர, உங்கள் வீடு தெரியாது. இதுவரை நல்லதுதான். ஆனால் வேன் ஓட்டுகிறவருக்கு இரண்டு முனையும் தெரியும். உங்கள் வீட்டில் ஏற்றியதும் அவர்தான், அங்கே இறக்கியதும் அவர்தான். அந்த டிரைவர்தான் விபிஎன் நிறுவனம். ஜியோவோ ஏர்டெல்லோ பார்க்கக் கூடாது என்று மறைத்ததை, முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் கையில் கொடுத்திருக்கிறீர்கள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

அந்த நிறுவனம் நம்பத் தகுந்ததா என்பதுதான் அப்புறம் வரும் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. "நாங்கள் எந்தப் பதிவேடும் வைப்பதில்லை" என்று எல்லா விபிஎன் விளம்பரமும் சொல்லும். அப்படிச் சொன்ன ப்யூர்விபிஎன் நிறுவனம், 2017-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கில், ஒரே வாடிக்கையாளர் தன் வீட்டிலிருந்தும் வேலை செய்த இடத்திலிருந்தும் இணைந்தார் என்பதைக் காட்டும் பதிவுகளை எஃப்பிஐயிடம் கொடுத்தது. அந்த ஆள் ஒரு பெண்ணை இணையத்தில் சித்திரவதை செய்தவன், பிடிபட்டது நல்லதுதான். ஆனால் வாக்குறுதியின் கனம் எவ்வளவு என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது. 2020 ஜூலையில் ஹாங்காங்கைச் சேர்ந்த 7 இலவச விபிஎன் செயலிகளின் சர்வர் பூட்டப்படாமல் திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பதிவேடே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த செயலிகள் அவை. உள்ளே 1 டெராபைட்டுக்கும் மேலான பயனர் தகவல்கள் இருந்தன.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2023 ஏப்ரல் 18 அன்று சுவீடன் காவல்துறை, கோதன்பர்க் நகரில் உள்ள முல்வாட் விபிஎன் அலுவலகத்துக்குச் சோதனை உத்தரவோடு போனது. எடுத்துப்போக வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. துருக்கியில் ரஷ்யத் தூதர் கொலை வழக்கில் எக்ஸ்பிரஸ்விபிஎன் நிறுவனத்தின் சர்வரைக் கைப்பற்றியபோதும், யார் இணைந்தார்கள் என்ற பதிவு அதில் இல்லை. கேட்டாலும் கொடுக்க முடியாதபடி, ஆரம்பத்திலேயே சேர்த்து வைக்காமல் இருந்தால்தான் உண்மையான பாதுகாப்பு. விளம்பரத்தில் வரும் "ராணுவத் தரக் குறியாக்கம்" என்ற சொல்லை வைத்து முடிவெடுக்காதீர்கள். குறியாக்கம் என்பது பிறர் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டுவது. அதே தரத்துக் குறியாக்கம் உங்கள் வாட்ஸ்அப்பிலும் இருக்கிறது.

இந்தியாவுக்கு வருவோம். 2022 ஏப்ரல் 28 அன்று, மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. இந்தியாவில் சேவை தரும் விபிஎன் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொலைபேசி எண், அவர்களுக்குக் கொடுத்த ஐபி முகவரி (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), எதற்காக வாங்கினார்கள் என்ற காரணம் வரை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று அது சொன்னது. அலுவலகங்கள் தங்களுக்குள் பயன்படுத்தும் விபிஎன்னுக்கு மட்டும் விலக்கு. அதைத் தொடர்ந்து எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான்விபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. இன்றும் அவற்றில் "இந்தியா" என்று ஒரு தேர்வு இருக்கலாம். எக்ஸ்பிரஸ்விபிஎன் தன் "இந்தியா" சர்வரைச் சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் வைத்துத்தான் நடத்தியது. ஆகவே பெயர், விலாசம் எல்லாம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளும் ஒரு விபிஎன்னை அரசிடமிருந்து மறைவதற்காக யாரும் வாங்கக் கூடாது. அது காசு கொடுத்து உங்களைப் பற்றி ஒரு கோப்பு திறந்து வைப்பதற்குச் சமம்.

வெளிநாட்டு நிறுவனம் என்றால் முழுக்கப் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். அதற்கும் ஒரு நாடு இருக்கிறது, அந்த நாட்டுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2021-இல், சுவிட்சர்லாந்தின் புரோட்டான்மெயில் மின்னஞ்சல் சேவை பாரிஸில் போராடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் குழுவைச் சேர்ந்தவரின் ஐபி முகவரியைக் கொடுக்க வேண்டிவந்தது. பிரெஞ்சுக் காவல்துறை கேட்டது, சுவிஸ் அதிகாரிகள் உத்தரவாகக் கொடுத்தார்கள். கடிதங்களின் உள்ளடக்கம் கொடுக்கப்படவில்லை, அதைப் படிக்க அந்த நிறுவனத்தாலேயே முடியாது. ஆனால் எங்கிருந்து இணைந்தார் என்பது போதுமானதாக இருந்தது.

சரி, இதெல்லாம் பொது விஷயம். உங்கள் விஷயத்தில் நடைமுறையில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். இதுதான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம்.

உங்கள் முகநூல் பதிவு ஒன்றின் மீது யாரோ புகார் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே யாரும் உங்கள் இணைய இணைப்பை ஒட்டுக்கேட்க உட்கார மாட்டார்கள். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும், ஆள் வேண்டும், நேரம் வேண்டும். அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. இந்தக் கணக்கு யாருடையது என்று முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவிடம் எழுதிக் கேட்பார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவில், ஆவணத்தையும் மின்னணுத் தகவலையும் கேட்டுப் பெறும் அதிகாரம் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கே இருக்கிறது. மெட்டாவிடம் என்ன இருக்கும்? கணக்குத் தொடங்கியபோது கொடுத்த கைபேசி எண், மின்னஞ்சல், எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எந்த ஐபி முகவரியிலிருந்து உள்ளே வந்தீர்கள் என்ற பட்டியல். அந்தக் கைபேசி எண் உங்கள் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிய சிம்முடையது. விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது. விபிஎன் ஓடிக்கொண்டிருந்ததா இல்லையா என்பதைப் பார்க்கவேண்டிய தேவையே வரவில்லை.

கைபேசி எண்ணே கொடுக்காமல் கணக்குத் தொடங்கினீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஐபி பட்டியலைப் பார்ப்பார்கள். 300 தடவை விபிஎன் போட்டு நுழைந்திருப்பீர்கள். ஒரே ஒரு நாள், பள்ளிக்கூட அவசரத்தில், சாவிப் படம் மேலே இருக்கிறதா என்று பார்க்காமல் நுழைந்திருப்பீர்கள். அந்த ஒரு வரி போதும். அந்த நேரத்தில் அந்த முகவரி யாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்று உங்கள் இணைய நிறுவனத்திடம் கேட்டால் பதில் வந்துவிடும். மனிதர்கள் 300 முறையும் தவறாமல் ஒரு காரியத்தைச் செய்வதில்லை. நானும் செய்ததில்லை.

வேறு பெயரில் எழுதுவது ஊரார் பார்வையிலிருந்து உங்களை மறைக்கும். அதற்கு மதிப்பு உண்டு, அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்து அது மறைக்காது. விபிஎன்னும் மறைக்காது.

விபிஎன் தொடவே தொடாத இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. யாரோடு எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்ற அழைப்புப் பதிவைத் தொலைபேசி நிறுவனங்கள் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். போனில் சிம் இருக்கும்வரை அது எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். யூபிஐயில் அனுப்பிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு இருக்கிறது. கூகுள் கணக்கில் நுழைந்தபடியே தேடினால் கூகுளுக்கு நீங்கள் நீங்கள்தான், வேன் எந்த ஊரிலிருந்து வந்தால் என்ன?

நேரடி ஒட்டுக்கேட்பு பற்றியும் சொல்லிவிடுகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69-ஆம் பிரிவும் அதன் 2009 விதிகளும் அதற்கு வழிசெய்கின்றன. தமிழ்நாட்டில் உள்துறைச் செயலர் எழுத்துமூலம் உத்தரவு போட வேண்டும். புதுச்சேரியிலும் அங்குள்ள உள்துறைச் செயலர். மத்தியில் 2018 டிசம்பர் 20 உத்தரவின் மூலம் 10 அமைப்புகளுக்கு ஒட்டுக்கேட்கும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. குறியாக்கத்தை அவிழ்க்க உதவ மறுப்பவர்களுக்கு 7 ஆண்டு வரை சிறை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. இந்த உத்தரவுகளைச் சரிபார்க்கும் மறுஆய்வுக் குழுவில் அதிகாரிகளே இருக்கிறார்கள், நீதிபதி இல்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்ன பிறகும் இந்த அமைப்பு மாறவில்லை. இது எனக்கு ஒப்பாத ஒன்று. ஒரு நீதிபதியின் கையெழுத்து இல்லாமல் ஒரு குடிமகளின் உரையாடலைத் திறக்கக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இதை மாற்ற வேண்டியது நீதிமன்றமும் சட்டமன்றமும். ஒரு செயலி இதை மாற்றாது.

பெகாசஸ் பற்றி உங்கள் காதில் விழுந்திருக்கும். 2021 ஜூலையில் பெரிய செய்தியானது, அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குழு அமைத்தது. அந்த மாதிரி உளவு மென்பொருள் போனுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் தட்டச்சு செய்வதை வேனில் ஏற்றுவதற்கு முன்பே அது பார்த்துவிடும். அங்கே விபிஎன்னுக்கு வேலையே இல்லை. ஆனால் அது மிகுந்த பொருட்செலவில் குறிபார்த்து ஏவப்படும் கருவி. உங்கள் கவலைப் பட்டியலில் அதைக் கடைசியில் வையுங்கள். போனின் மென்பொருளைத் தவறாமல் புதுப்பியுங்கள், தெரியாத இணைப்புகளைத் தொடாதீர்கள். அது போதும்.

அப்படியென்றால் விபிஎன்னால் பயனே இல்லையா? உண்டு. பேருந்து நிலையத்திலோ ஓட்டலிலோ இலவச வைஃபையில் இணையும்போது அதை நடத்துகிறவரிடமிருந்து காக்கும். உங்கள் பள்ளி வைஃபையில் நீங்கள் எந்தத் தளங்களைப் பார்க்கிறீர்கள் என்பதை நிர்வாகத்திடமிருந்து மறைக்கும். இது உங்களுக்கு உண்மையில் பயன்படும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தனியார் பள்ளி நிர்வாகங்கள் யாருடைய பேச்சைக் கேட்கும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் இணைய நிறுவனம் நீங்கள் போகும் தளங்களைப் பட்டியலிடுவதையும் தடுக்கும். நீங்கள் பார்க்கும் தளத்துக்கு உங்கள் ஐபி முகவரி தெரியாமல் செய்யும். ஓர் ஆலையின் இணையதளத்தை அடிக்கடி பார்க்கிறீர்கள் என்றால் இதுவும் நல்லதுதான்.

இதற்காக ஒன்று வேண்டுமென்றால், அண்ணன் மகன் போட்டுக் கொடுத்ததை எடுத்துவிடுங்கள். அவன் அக்கறையோடு செய்தது, கோபித்துக்கொள்ளாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கணக்குப் பார்க்கும் அம்மாவின் போனில் இப்படி ஓர் இலவச விபிஎன். அது தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி வாங்கியிருந்தது, இருப்பிடத்தைப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தது. பாதையை மறைக்கும் வேலைக்கு அவருடைய தம்பி, தங்கை எண்கள் எதற்கு? சர்வருக்கு மாதாமாதம் செலவாகும். உங்களிடம் காசு வாங்காதவர் வேறு யாரிடமோ வாங்குகிறார் என்றுதான் கொள்ள வேண்டும். இதற்கு விதிவிலக்கு, காசு கட்டும் வாடிக்கையாளர்களின் பணத்தில் இலவசப் பிரிவையும் நடத்துகிற புரோட்டான்விபிஎன் போன்ற சில. உங்கள் தேவைக்கு அந்த இலவசப் பிரிவே போதும், டேட்டா வரம்பும் கிடையாது. காசு கொடுக்கத் தயார் என்றால் முல்வாட் மாதம் 5 யூரோ. மின்னஞ்சல்கூடக் கேட்காமல் ஓர் எண்ணை மட்டும் கொடுக்கும். 2 ஆண்டுக்கு 80 சதவீதத் தள்ளுபடி, இன்னும் 40 நிமிடத்தில் முடிகிறது என்று கடிகாரம் ஓட்டிக் காட்டுகிறவர்களிடம் வாங்காதீர்கள். எதைப் போட்டாலும் ஆண்ட்ராய்டு அமைப்புகளில் விபிஎன் பகுதிக்குப் போய், எப்போதும் இயங்கும்படியும், விபிஎன் இல்லாதபோது இணைப்பைத் தடுக்கும்படியும் இரண்டு பொத்தான்களையும் போட்டுவிடுங்கள்.

ஆர்.டி.ஐ. மனுக்களில் ஒளிய வேண்டாம். அது உங்கள் பெயரோடு வர வேண்டிய காரியம், பெயர்தான் அதன் பலம். 6(2) பிரிவின்படி ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, தொடர்புகொள்ளத் தேவையான விவரம் மட்டும் போதும். தண்ணீரைப் பற்றிக் கேட்பது உங்கள் உரிமை. அதைப் பகலில், வெளிச்சத்தில் செய்யுங்கள்.

இப்போது அந்தத் தம்பி.

உங்கள் பெயர் வெளியே தெரிந்தால் வசவு வரும், மிரட்டல் வரும், ஒருவேளை ஒரு வழக்கு வரும். அவர் பெயர் தெரிந்தால் மறுநாள் வேலை போகும். அவரைக் கண்டுபிடிக்க முயல்கிறவர் அரசாங்கமாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆலையின் பாதுகாப்பு அலுவலரே போதும், அவருக்கு எந்த உத்தரவும் தேவையில்லை. நீங்கள் பயந்துகொண்டிருப்பது மேலே இருக்கும் கண்ணைப் பார்த்து. அவருக்கு ஆபத்து பக்கத்திலிருந்து வரும்.

படத்திலிருந்து தொடங்குவோம். போனில் எடுத்த படத்துக்குள் எந்த மாடல் போன், எத்தனை மணி, இருப்பிடம் திறந்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை வரை எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த விவரம் நீங்கிவிடும். தெளிவு குறையக் கூடாது என்று டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். அவர் எப்படி அனுப்புகிறார் என்று கேளுங்கள். அவர் போனின் கேமராவில் இருப்பிடத்தை அணைக்கச் சொல்லுங்கள். ஆலையின் வைஃபையில் இணைந்தபடி ஒருபோதும் அனுப்பக் கூடாது.

எந்தத் தொழில்நுட்பமும் மறைக்க முடியாத ஒன்று, படம் எடுத்த கோணம். அந்தக் குழாயை அந்த உயரத்திலிருந்து, இரவு 2 மணிக்கு, யார் பார்த்திருக்க முடியும்? ஷிஃப்ட் பட்டியலை எடுத்தால் மூன்று பேர் வருவார்கள். அதனால் வந்த படத்தை அன்றிரவே குழுவில் போடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் போகட்டும். முடிந்தால் அந்தப் படத்தைப் போடவே போடாதீர்கள். அது தரும் தகவலை வைத்துக்கொண்டு, நீங்களே உப்பனாற்றங்கரைப் பக்கமிருந்து, எல்லாரும் நிற்கக்கூடிய இடத்திலிருந்து எடுத்த படத்தைப் போடுங்கள். அல்லது அந்தத் தகவலை ஆர்.டி.ஐ. கேள்வியாக மாற்றுங்கள். உள்ளே இருந்து கிடைத்தது எந்தத் தேதி என்பது தெரிந்தால், அந்த வாரத்துக் கண்காணிப்பு அறிக்கையைக் கேட்கலாம் அல்லவா?

குழுவைப் பாருங்கள். 200 பேரில் ஒருவர் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் போதும், முனைக்கு முனை குறியாக்கம் அங்கே ஒன்றும் செய்யாது. அந்தத் தம்பியும் அதே குழுவில் உறுப்பினராக இருந்தால், அவர் எண்ணை மற்ற அனைவரும் இப்போதே பார்க்கலாம். அவரை வெளியேறச் சொல்லுங்கள், ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: வெளியேறியவர்களின் பெயர் 60 நாட்களுக்கு முன்னாள் உறுப்பினர் பட்டியலில் தெரியும். ஆகவே அந்த 60 நாட்களுக்கு அவர் தந்த எதையும் வெளியிட வேண்டாம். செய்தி பரப்புவதற்குக் குழுவைவிட வாட்ஸ்அப் சேனல் நல்லது. அதில் பின்தொடர்கிறவர்களின் எண் ஒருவருக்கொருவர் தெரியாது, நடத்துகிற உங்கள் எண்ணும் அவர்களுக்குத் தெரியாது.

அவரோடு பேச சிக்னல் செயலியை வைத்துக்கொள்ளுங்கள். 2016-இல் அமெரிக்காவில் நீதிமன்றம் கேட்டபோது, சிக்னலால் கொடுக்க முடிந்தது இரண்டே விவரம்: கணக்கு எப்போது தொடங்கப்பட்டது, கடைசியாக எப்போது இணைந்தது. யாரோடு பேசினார் என்பது அவர்களிடமே இல்லை. செய்திகள் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி வையுங்கள். போனில் அவர் பெயரை அவர் பெயராகவே சேமித்து வைத்திருந்தால் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் அவரோடு பேசிய பழைய உரையாடலை இரண்டு பேரும் அழியுங்கள். அதற்கு முன் கூகுள் டிரைவில் காப்புப்பிரதி போயிருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப் உரையாடல் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், அந்தக் காப்புப்பிரதி நாமாகப் போய்ப் பொத்தானைப் போட்டால்தான் குறியாக்கம் ஆகும். பலர் அதைச் செய்வதே இல்லை. போனைத் திறக்க நான்கு இலக்கத்துக்குப் பதில் ஆறு இலக்கத்துக்கு மேல் எண் வையுங்கள். பிறந்த தேதி வேண்டாம்.

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பீர்கள். போனில் சொல்லாதீர்கள், இந்தப் பக்கத்தையும் அனுப்பாதீர்கள். கோயிலிலோ சந்தையிலோ வழக்கமாக எங்கே எதேச்சையாகப் பார்த்துக்கொள்வீர்களோ அங்கே, போனை வீட்டில் வைத்துவிட்டுப் போய்ச் சொல்லுங்கள். அவரையும் போன் இல்லாமல் வரச் சொல்ல வழியிருந்தால் இன்னும் நல்லது. எல்லாம் கேட்டபிறகு அவர் "இனி வேண்டாம் அக்கா" என்று சொன்னால், காரணம் கேட்காமல் சரி என்று சொல்லிவிடுங்கள்.